தாமோதரனை விசாரித்த டேமோ

1

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘இயந்திரங்களுக்கு மரியாதை செலுத்தும் நடைமுறை’ என்ற ஆவணத்தை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை, உடனே படித்து, கடைசியில் இருக்கும் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தேர்ச்சி பெற வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த ஆவணத்தை எழுதியவன் நான். கேள்விகளைத் தயாரித்தவனும் நான்தான். உட்கார்ந்து எழுதினேன். எட்டு வாங்கினேன். குங்குமம் கண்ணில் விழுந்தால் என்ன முதலுதவி என்ற கேள்வியில் கோட்டை விட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஆரணிக்காரன். பெயர் தாமோதரன். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் பதினோரு வருடமாக வேலை. தங்கத்தை நான் தோண்டுவதில்லை, கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தரைக்குக் கீழே ஓடும் வண்டிகளும் இயந்திரங்களும் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அம்மாவுக்கு இதை விளக்கவே நான்கைந்து வருடம் ஆயிற்று.

“அப்போ நீ தீயணைப்பு வண்டில போறியாப்பா?”

“இல்லம்மா. தீ வர்றதுக்கு முன்னாடி என் வேல.”

“வர்லன்னா?”

“வர்லன்னா நான் ஒழுங்கா வேல செஞ்சேன்னு அர்த்தம்.”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இத்த வெளிய யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத. ஒம் பொண்ணுக்கு நாளைக்கு மாப்ள பாக்கணும்” என்றாள்.

வந்தவாசி ரோட்டில் ஒரு லாரி தீப்பிடித்தால் இறங்கி வயலில் ஓடிவிடலாம். சுரங்கத்தில் ஓட வயல் இல்லை. இருப்பது ஒரே பாதை, அந்தப் பாதையில்தான் எல்லோருக்கும் காற்றும் வருகிறது. ஒரு வண்டி எரிந்தால் புகை அந்தக் காற்றிலேயே ஏறிக்கொண்டு போய், எங்கோ ஒரு கிலோமீட்டர் தள்ளி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருப்பவனைத் தேடிப் பிடிக்கும். இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குழாய் ஓடும். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், எண்ணெய் பனி மாதிரி பீய்ச்சும். சூடான உலோகத்தில் பட்டதும் பற்றிக்கொள்ளும். ஆகவே நான் நாள் முழுக்கக் குழாய் எதன்மேல் உரசுகிறது, வயர் எங்கே தோல் உரிந்திருக்கிறது, பிரேக் எங்கே விடாமல் பிடித்துச் சூடாகிறது, இஞ்சின் மூலையில் எண்ணெயும் தூசியும் அடை தட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். யாராவது துடைக்கும் துணியை இஞ்சின் பக்கம் மறந்து வைத்துவிட்டுப் போனால் எழுதிக் கொடுப்பேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது என்று பெயர்.

2

இந்த வேலைக்கு நான் வந்ததற்கு ஒரு பஸ் காரணம்.

ஆரணியிலிருந்து செய்யார் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் போகும். நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தேன். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்திலேயே இஞ்சின். அதன் மூடிமேல் எல்லோரும் சோற்றுப் பாத்திரத்தை வைப்பார்கள், மதியம்வரை சூடு இருக்கட்டும் என்று. ஒரு நாள் பாதி வழியில் மூடியின் இடுக்கிலிருந்து புகை வந்தது. டிரைவர் முருகேசன் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, “எல்லாரும் ஜல்தியா எறங்குங்க” என்றார்.

ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் ஜன்னல் சீட் போய்விடும்.

“ஷிப்டுக்கு லேட்டாவுது, நீ ஓட்டுப்பா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “எரியுதுன்றேன், ஓட்டுன்றியே” என்றார் முருகேசன். “செய்யாருக்கு இன்னும் கொஞ்ச தூரந்தானே” என்றது அதே குரல். முருகேசன் தோளில் இருந்த துண்டை எடுத்துப் புகைமேல் போட்டு அமுக்கினார். துண்டு எரிந்தது. கடைசியில் முன் சீட்டு அக்கா ஒருத்தி, தன் மோர்ச் சோற்றைப் பாத்திரத்தோடு கவிழ்த்து அணைத்தாள். ஒரு லூசான வயர், மேலே சொட்டிய எண்ணெய், அவ்வளவுதான் காரணம். நான்தான் மூடியைத் திறந்து பார்த்தேன், சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில்.

நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலையே தீத் தடுப்புக்கு எங்கே படிக்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்பு, பரீட்சை, விசா எல்லாம்.

3

ஆஸ்திரேலியாவில் இறங்கிய முதல் நாளே என் பெயர் போயிற்று. சுரங்கத்துக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை உண்டு. உள்ளே போகும்போது பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். கீழே யார் இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. தாமோதரன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் வில்லையில் இடம் பத்தவில்லை. வில்லை செய்த பெண்மணி ‘டேமோ’ என்று அடித்துக் கொடுத்தார். இங்கே டேமியன் என்ற பெயருள்ளவர்களை அப்படிக் கூப்பிடுவார்களாம். டேமோ வருகிறான் என்று கேள்விப்பட்டு, வெள்ளைக்காரனை எதிர்பார்த்து, என்னைப் பார்த்து முழித்தவர்கள் நிறைய.

சம்பளப் பட்டியலில் தாமோதரன், பலகையில் டேமோ. பத்து வருடம் இருவரும் சண்டையில்லாமல் இருந்தார்கள்.

போன வருடம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் பாலாஜி ஒரு பார்சல் அனுப்பினான். அவன் ஆரணியில் பட்டு வியாபாரம். முள்ளிப்பட்டில் தறிக்காரர்களுக்கு வேலை கொடுத்து வாங்குகிறான். பார்சலில் விபூதி, குங்குமம், சந்தனம், ஒரு பட்டுத் துண்டு. நல்ல ஆரஞ்சு நிறம், ஓரத்தில் ஒரு விரற்கடை ஜரிகை.

“புடவைல வெட்டுன பீஸுடா. மிஷினுக்குக் கட்டு. நீ இன்னாவோ நெருப்பு நெருப்புன்றியே, ஒண்ணும் ஆவாது” என்றான் போனில்.

பூஜையன்று ஒரு லோடர் சர்வீசுக்காக மேலே பட்டறைக்கு வந்திருந்தது. பாறையை அள்ளும் இயந்திரம், நம் ஊர் மினி பஸ் நீளம் இருக்கும். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். சூடம் ஏற்றவில்லை; அந்த அளவுக்கு அறிவு இருந்தது. பட்டுத் துண்டைப் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். ஷிப்டு முடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் வேறு இடத்தில் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வந்தபோது லோடர் கீழே போயிருந்தது. அவிழ்க்க வேண்டும் என்பது அதோடு மறந்தே போயிற்று.

4

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பத்து மணி இருக்கும். நான் கீழே ஒரு தண்ணீர் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் அழுகின பூண்டு மாதிரி நாற்றம் வந்தது. ஆபத்து என்றால் மேலிருந்து காற்றோடு கலந்து அனுப்பும் நாற்றம் அது. சத்தம் கேட்காத இடத்திலும் மூக்கு வேலை செய்யும் அல்லவா. நாற்றம் வந்தால் வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு, அருகில் உள்ள பாதுகாப்புப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பெரிய இரும்புப் பெட்டி, உள்ளே தனியாகக் காற்று, எதிரெதிரே பெஞ்சு.

எனக்கு முன்பே அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மார்க்கோ. லோடர் ஓட்டுகிறவர், சின்ன வயதில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர், முப்பது வருடமாகச் சுரங்கம். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. தலையெல்லாம் நுரை. இஞ்சினிலிருந்து புகை வந்ததும் தீயணைப்புப் பொத்தானை அழுத்தி, இறங்கி, புகைக்குள் நடந்து வந்திருக்கிறார். அவர் செய்ததில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

இங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு நினைவில் தங்குவது ஆரணிப் பேச்சாகத்தான். அப்படியே எழுதுகிறேன்.

“எல்லாரும் உள்ள வந்துட்டாங்களா?” என்று கேட்டார் மார்க்கோ.

ரேடியோவில் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் மேலிருந்து குரல் வந்தது: “ஒருத்தர் கணக்குல வர்ல.”

“யாரு?” என்று கத்தினார் மார்க்கோ. பொது ரேடியோவில் பெயர் சொல்ல மாட்டார்கள், குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதற்காக.

மூன்று மணி நேரம் நாங்கள் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். மார்க்கோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் வண்டி புகைல ஒருத்தன் போய்ட்டான் டேமோ” என்றார். நடுவில், “சின்னப் பையனா இருக்குமோ, புதுசா வந்தவனா இருக்குமோ” என்றார். நான் அவர் தோளில் கை வைத்து, “எங்கியாவது ஒக்காந்துனு இருப்பான், கவலப்படாதீங்க” என்றேன். மீட்புப் படை ஒரு தடவை எங்கள் பெட்டிக் கதவைத் திறந்து, முகமூடிக்குள்ளிருந்து, “வழியில யாரையாவது பாத்தீங்களா?” என்று என்னைக் கேட்டது. இல்லை என்றேன்.

மேலே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மாதம்தான் புது மென்பொருள் போட்டிருந்தார்கள். சம்பளப் பட்டியலையும் வில்லைப் பலகையையும் ஒன்றாகச் சேர்த்ததில் நான் இரண்டு பேராகியிருந்தேன். டேமோ பத்திரமாகப் பெட்டியில் இருந்தான். காணாமல் போனவன் தாமோதரன்.

5

தீ என்று பெரிதாக ஒன்றுமில்லை. நுரையிலேயே அடங்கிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதுகாப்பு மேலாளர் ஷெரில் என்னைக் கூப்பிட்டு, “நெருப்பு விஷயத்துல உன்ன வுட்டா இங்க ஆள் ஏது? நீயே விசாரி” என்றார்.

லோடருக்கு அடியில் போய்ப் படுத்தேன். இஞ்சினிலேயே அதிகம் சூடாகும் பாகமான டர்போவுக்கும் அதன்மேல் சுற்றியிருக்கும் சூடு தாங்கும் உறைக்கும் நடுவில் ஏதோ செருகியிருந்தது. இடுக்கியால் இழுத்தேன். உள்ளங்கையளவு கருகின துணி, ஒரு மூலையில் மட்டும் ஆரஞ்சு. இஞ்சின் விசிறி இழுத்துக் கொண்டுவந்து அங்கே ஒட்ட வைத்திருக்கிறது. அந்த மூலையில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு மினுக்கல்.

ஜரிகை.

அதைப் பையில் போட்டு, ‘துணி, ஆரஞ்சு’ என்று எழுதி ஒட்டினேன். அதற்குமேல் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

எங்கள் சட்டையும் ஆரஞ்சு. மார்க்கோவின் சட்டையில் அன்று கை கிழிந்திருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். பழைய சட்டையைக் கிழித்து, துடைத்துவிட்டு, இஞ்சினிலேயே விட்டிருக்கிறார் என்று பேச்சுப் பரவியது. துடைத்த துணியை இஞ்சினில் விட்டால் வேலை போகும். அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி மூன்று வருடம் கடிதம் எழுதியவன் நான்.

இரண்டு நாள் கழித்து மனைவி செல்வியிடம் சொன்னேன். அவள் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: “அந்த மனுஷன் ஒங்களுக்கு எதிர்ல வந்தா இன்னா பண்ணுவீங்க?”



மறுநாள் விசாரணைக் கூட்டம். மார்க்கோ மூலையில் உட்கார்ந்திருந்தார். ஷெரில் பையைத் தூக்கிக் காட்டி, “இது சட்டத் துணிதானே டேமோ?” என்றார்.

“இல்ல. பட்டு” என்றேன்.

“எப்டி சொல்ற?”

“ஒரு நூலக் கொளுத்திப் பாத்தா தெரியும். எங்க ஊர்ல பட்டுக் கடைல நிக்கிற யாரக் கேட்டாலும் சொல்வாங்க.”

அறைக்குள் நூலைக் கொளுத்த முடியாது. நெருப்பு வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவன் நான். ஆனால் கேட்பவனும் கொடுப்பவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வேறொருவரைத் தேடிப் பிடித்தார்கள். பட்டறைக்கு வெளியே கூடினோம். பத்தடிக்குக் கயிறு கட்டினார்கள். ஒருவர் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு கையெழுத்து ஆனபின், கருகாத மூலையிலிருந்து உருவிய ஒரு நூலை, என் சுண்டுவிரல் நீளம், இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன்.

முடி கருகும் வாசனை வந்தது. சாம்பலை விரலால் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது. “நம்ம பாலியஸ்டர் கலந்த சட்டையா இருந்தா உருகி மணி மாதிரி கெட்டியாயிருக்கும். இது பட்டு. கூட இருக்கறது ஜரிகை. எங்க அண்ணன் அனுப்புனது. கட்டுனது நான்” என்றேன்.

அனுமதிச் சீட்டின்படி, எரித்த இடத்தை அரைமணி நேரம் காவல் காக்க வேண்டும். அதனால் யாரும் கலைந்து போக முடியவில்லை. எல்லோரும் கயிற்றைச் சுற்றி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கோ மட்டும் கயிற்றை விட்டு விலகிப் போனார். யாரும் தடுக்கவில்லை.

6

விசாரணையை வேறு ஆளிடம் மாற்றும்படி நானே கேட்டேன். தலைமை அலுவலகம் வேறு நகரத்தில் இருக்கிறது. அங்கே யாருக்கும் என் முகம் தெரியாது. மென்பொருளைப் பார்த்துவிட்டு அவர்கள் பதில் அனுப்பினார்கள்: விசாரணை அதிகாரி டேமோ, தவறு செய்தவர் தாமோதரன், இரண்டும் வேறு வேறு பணியாளர் எண், எனவே மாற்றத் தேவையில்லை.

“ரெண்டும் நான்தான்” என்று எழுதினேன். அதற்கு, உடன் பணியாற்றுபவரின் பழியைத் தாங்கள் ஏற்றுக்கொள்ள முன்வருவது நல்ல மனது, ஆனால் நடைமுறை அதை அனுமதிக்காது என்று பதில் வந்தது. கூடவே ஓர் அறிவுரை. தாமோதரனுக்கு ஆங்கிலம் சரளமாக வராமல் இருக்கலாம், பொறுமையாகப் பேசவும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. தங்களுக்குத் தமிழ் தெரியும் என்று பதிவேட்டில் இருப்பதால் தாங்களே மொழிபெயர்க்க முடியுமா?

ஷெரில் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து பார்த்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். “பேஜாருப்பா. இத சரி பண்ண ஆறு மாசம் ஆவுமாம். நீயே பேசி முடிச்சுடு” என்றார்.

அப்படியே செய்தேன். நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, மொழிபெயர்ப்பு சரி என்று நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு கேள்வி: ‘துணியைக் கட்டும்போது ஆபத்தை உணர்ந்தீர்களா?’ அதற்கு மட்டும் மூன்று தடவை எழுதி அழித்தேன். பிறகு ‘மற்றவர் கட்டியிருந்தால் உணர்ந்திருப்பேன்’ என்று எழுதினேன். அதில் பொய்யில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரே நாளில் இரண்டு உறை வந்தது. டேமோவுக்கு, அந்த ஆண்டின் மிக நேர்மையான விசாரணைக்கான பாராட்டுப் பத்திரம். தாமோதரனுக்கு, கடைசி எச்சரிக்கைக் கடிதம். இரண்டிலும் ஒரே கையெழுத்து. இனிமேல் யாரும் இப்படிக் கட்டக் கூடாது என்று தடை போடுவார்கள் என எதிர்பார்த்தேன். தடை செய்தால் மத உணர்வைப் புண்படுத்தியதாகிவிடும் என்று பயந்து, நடைமுறை ஒன்றை எழுதும்படி டேமோவிடம் சொன்னார்கள், முதலில் சொன்னேனே, அதுதான். குங்குமத்துக்கு ரசாயனப் பாதுகாப்பு அட்டை கேட்டார்கள். பூசணிக்காய் உடைத்தால் வழுக்குமா என்று கேட்டார்கள். வழுக்கும் என்றேன், நீக்கிவிட்டார்கள்.

என் மகள் கயலுக்குப் பதினாலு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அன்று இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். வெகுநாளுக்குப் பிறகு தமிழில் கேட்டாள்: “அப்பா, இதுல நீ எது?”

எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டினேன். அவள் அதை எடுத்து, பெயரை எழுத்துக் கூட்டி, ‘தா-மோ-த-ரன்’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

7

மார்க்கோ என்னிடம் பேசவில்லை. எதிரே வந்தால் பாதை மாறினார். கீழே போகுமுன் தலைவிளக்கு வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால், வெளியே போய் மறுபடி கடைசியில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். செல்வி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அவரே விலகிப் போனார்.

ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது அவராகவே பட்டறைக்கு வந்தார். கையில் விசாரணை அறிக்கை.

“இதுல என்னப் பத்தி ஒரு வரிதான் கீது” என்றார். “‘ஓட்டுநருக்குக் காயம் எதுவும் இல்லை.’ அவ்ளோதான்.”

“ஆமா.”

“மூணு மணி நேரம் ஒருத்தனக் கொன்னுட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன். அவனுக்குக் கொழந்தைங்க இருக்குமான்னு யோசிச்சிகினு இருந்தேன். அவன் என் பக்கத்துல ஒக்காந்துனு, கவலப்படாதன்னு என் தோள்ல கை வெச்சிகினு இருந்தான். அது இதுல எங்க கீது?”

அறிக்கையில் அதற்கு இடம் இல்லை. முடித்து மூடிய அறிக்கை அது. திறக்க வேண்டுமென்றால் விசாரணை அதிகாரியும் குற்றம் சாட்டப்பட்டவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பொதுவாக அது நடக்காது. யாராவது ஒருவர் முரண்டு பிடிப்பார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து இரண்டு கணக்கிலும் நுழைந்து, இரண்டு பேருக்காகவும் சம்மதித்தேன். தலைமை அலுவலகம், இவ்வளவு விரைவில் உடன்பாடு எட்டியதற்கு இருவரையும் பாராட்டியது.

பிறகு எழுதினேன். ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் பொத்தானை அழுத்தியதால்தான் கீழே இருந்த அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். மூன்று மணி நேரம், தன்னால் ஒருவர் இறந்துவிட்டார் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது காயம்தான்.

மார்க்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தன் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்றார். திருத்தினேன். அச்செடுத்துக் கொடுத்ததும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பித்தானைப் போட்டார்.

“யாருக்குக் காட்டப் போறீங்க?” என்றேன்.

“வூட்டுக்காரிக்கு” என்றார். “துணிய வுட்டது நான்தான்னு அவ இன்னமும் நெனச்சிகினு கீறா. நான் சொன்னா நம்ப மாட்டா. கம்பெனி பேப்பர்னா நம்புவா.”